ஸ்கேன் நாளைத் தள்ளிப்போடாதீர்கள்

(ஆவடியில் தாய்மார்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)





"ஸ்கேன் எடுத்தால் கதிர் பட்டுப் பிள்ளைக்கு ஆகாது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அது எக்ஸ்ரேயை நினைத்துச் சொல்வது. அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை; காதுக்குக் கேட்காத ஒலிதான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும்: உலோகத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்துப் பார்ப்பார்கள். 1955-இல் கிளாஸ்கோ மகப்பேறு மருத்துவர் இயான் டொனால்டு, ஒரு கொதிகலன் தொழிற்சாலையில் இருந்த அந்த மாதிரிக் கருவியில்தான் உடற்கட்டிகளைச் சோதித்துப் பார்த்தார். 1958-இல் வயிற்றிலிருக்கும் சிசுவின் படத்தையே வெளியிட்டார்.

இன்று அது எவ்வளவோ வளர்ந்துவிட்டது. 11 முதல் 13 வாரத்தில் ஒரு ஸ்கேன், 18 முதல் 20 வாரத்தில் ஒன்று அவசியம். இரண்டாவதில் இதயம், மூளை, முதுகெலும்பு, சிறுநீரகம் என ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். எல்லாக் குறையும் தெரிந்துவிடாது; தெரிவதை முன்கூட்டியே அறிந்தால், பிரசவத்தை எந்த ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யலாம். நஞ்சு கருப்பை வாயை மூடியபடி கடைசி மாதம் வரை இருந்தால், முன்பே தேதி குறித்து ஆபரேஷன் செய்து தாயைக் காப்பாற்றலாம்.

சிகிச்சைக்கும் ஸ்கேன் உதவுகிறது. தாய்க்கு நெகட்டிவ் ரத்தம், பிள்ளைக்கு பாசிட்டிவ் என்றால் சில சமயம் பிள்ளைக்குக் கடும் ரத்தசோகை வரும். மூளை ரத்தக்குழாயில் ரத்தம் ஓடும் வேகத்தை டாப்ளரில் அளந்து அதைக் கண்டுபிடிக்கிறார்கள். ஸ்கேனில் பார்த்தபடியே தொப்புள்கொடிக்குள் ஊசி செலுத்தி, பிறக்காத பிள்ளைக்கு ரத்தம் ஏற்றுகிறார்கள்.

இதெல்லாம் காலத்தோடு போனால்தான். ஏழாம் மாதம் முதல் ஸ்கேனுக்குப் போனால், வாரக்கணக்கைக்கூடச் சரியாகச் சொல்ல முடியாது.

வெட்கமா? பெண் டாக்டரைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால், கணவரோ மஹ்ரமோ உடனிருக்க ஆண் டாக்டரிடம் காட்டத் தேவை கருதி மார்க்கத்தில் அனுமதி உண்டு. பணமா? அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் இலவசம். மாதந்தோறும் 9-ஆம் தேதி கர்ப்பிணிகளுக்கான சிறப்புப் பரிசோதனையும் உண்டு. பழைய ரிப்போர்ட்டுகளை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

ஆணா, பெண்ணா என்று மட்டும் கேட்காதீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி சொல்வதும் குற்றம், சொல்லச் சொல்வதும் குற்றம். பெண் மகவை உயிரோடு புதைத்த வழக்கத்தை ஒழித்த மார்க்கம் நம்முடையது.

வயிற்றில் வளர்வது அல்லாஹ் தந்த அமானிதம். துஆவும் செய்வோம், செய்ய வேண்டியதையும் செய்வோம். தாயையும் சேயையும் அல்லாஹ் நலமாக வைப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.