பழுதடைந்த மடிக்கணனியும் நாம் கற்ற பாடமும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துருவம்)





ஆண்டு விழா மேடையிலே சமயப் பெரியார் ஒருவரின் வரலாற்றையோ இலக்கியச் சுவையையோ எடுத்துப் பேசுவது வழக்கம். யாமோ, எழும்ப மறுத்த பழைய மடிக்கணனி ஒன்றைப் பற்றிப் பேச வந்து நிற்கின்றோம். "இந்தப் பிள்ளைகளுக்கு வேறு பொருள் அகப்படவில்லையோ" என்று பெரியோர் எண்ணுதல் கூடும். சிறிது பொறுத்துக் கேட்டருளுமாறு வேண்டுகின்றோம். கம்பியிலும் தகட்டிலும் தொடங்கும் இப்பேச்சு, நாயாற்று மக்களாகிய நமது ஞாபகத்திலே சென்று முடியும்.

நம் வாசிகசாலை மேசையில் இருந்த மடிக்கணனியை நீங்கள் எல்லீரும் அறிவீர்கள். பிறர் பாவித்த ஒன்றை, சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து வாங்கினோம். சங்கத்தின் வரவு செலவுக் கணக்கு அதில் இருந்தது. அதனிலும் மேலானதொன்றும் இருந்தது. இரண்டு ஆண்டுகளாக வீடு வீடாகச் சென்று நம்மூர் முதியோரின் பேச்சைப் பதிவு செய்து அதில் வைத்திருந்தோம். பழைய படங்களையும் பிரதி எடுத்து வைத்திருந்தோம்.

இதனை ஏன் செய்தோம் என்பதை இச்சபைக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1984ஆம் ஆண்டின் இறுதியில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், நாயாறு ஆகிய இடங்களிலிருந்த நம்மவர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. 2004 டிசெம்பர் 26இல் கடல் வந்தது. 2009இல் நேர்ந்ததை எல்லாரும் அறிவோம். ஒவ்வொரு முறையும் உயிர்களோடு காணி உறுதிகளும் பிறப்புச் சான்றுகளும் கலியாணப் படங்களும் போயின. எஞ்சியவை முதியோரின் நெஞ்சிலே இருந்தன. நெஞ்சும் என்றும் நிலைப்பதன்று. ஆதலாற்றான் நாற்பத்தொரு பதிவுகளை எடுத்து ஒரு பெட்டிக்குள் பத்திரமாக வைத்தோம். "பத்திரமாக" என்று எண்ணியதே எமது பிழை.

ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றின் காலையிலே அப்பெட்டியைத் திறந்து பொத்தானை அழுத்தினோம். கம்பனியின் முத்திரை தோன்றி மறைந்தது. பின்னர்க் கறுத்த திரையிலே, தொடங்குவதற்குரிய வட்டு எதுவும் காணப்படவில்லை என்னும் கருத்துடைய ஒரு வரி மாத்திரம் வெள்ளையெழுத்தில் நின்றது. அணைத்தோம், திரும்பவும் போட்டோம். அதே வரிதான். ஒரு காலைப்பொழுதில் இருபது தடவையேனும் அவ்வாறு செய்திருப்போம். உள்ளேயிருந்து "டிக், டிக்" என்றொரு மெல்லிய ஓசை வந்துகொண்டிருந்தது. அதனை யாம் பொருட்படுத்தவில்லை.

அவ்வோசை யாதென்பதை விளங்கிக்கொள்வதற்கு வன்தட்டின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். உலகின் முதலாவது வன்தட்டை ஐ.பி.எம். கம்பனியார் 1956ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதிலே இருபத்துநான்கு அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் சுழன்றன. அத்துணை பெரிய கருவி கொண்டது ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்துகளே. இன்று மடிக்கணனியில் இருப்பது உள்ளங்கையளவான பெட்டி. அதனுள்ளே காந்தப்பூச்சுள்ள தட்டு, பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 தடவை, அதாவது விநாடிக்குத் தொண்ணூறு தடவை, சுழல்கின்றது. வாசிக்கும் முனை தட்டைத் தொடுவதில்லை. தலைமயிரின் தடிப்பிலே ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைந்த உயரத்தில், காற்றிலே மிதந்து செல்கின்றது. ஒரு தூசியோ, ஒரு அதிர்ச்சியோ, நெடுங்காலத் தேய்வோ போதும். முனை தட்டைத் தொட்டுவிடும். தன் இடத்தைக் காணாத முனை, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பித் திரும்பி வரும்போது எழுவதே அந்த "டிக், டிக்". அது கேட்டபின் ஒவ்வொரு தடவை பொத்தானை அழுத்துவதும் புண்ணைக் கீறுவதற்கு ஒப்பாகும்.

ஆயினும் எழும்பாத கணனியெல்லாம் வட்டுக் கெட்ட கணனியல்ல. நோய் நாடாமல் மருந்து கொடுத்தல் தகாது. ஆதலின் இளைஞர்களுக்கு ஒழுங்குமுறை ஒன்றைச் சொல்லுகின்றோம். திரையில் வெளிச்சமே வராவிடின் மின்கம்பியையும் பற்றறியையும் முதலில் பாருங்கள். கம்பனியின் முத்திரை தோன்றி, அதன்பின் வட்டு இல்லை என்ற செய்தி வந்தால், பென் டிரைவ் ஏதும் செருகியபடி இருக்கின்றதா என்று பாருங்கள். அதை வட்டென எண்ணிக் கணனி அதற்குள்ளே தேடிக்கொண்டிருத்தல் உண்டு.

அடுத்து, தொடக்கத்திலே எஃப்2 போன்ற விசையை அழுத்தி "பயோஸ்" என்னும் அமைப்புப் பக்கத்துக்குச் செல்லுங்கள். திகதியும் நேரமும் பல ஆண்டு பின்னோக்கிப் போயிருப்பின், உள்ளேயுள்ள நாணயம் போன்ற சிறிய பற்றறி தீர்ந்துவிட்டது என்க. அது தீர்ந்தால் எந்த வட்டிலிருந்து எவ்விதம் தொடங்குவது என்னும் குறிப்பும் மறந்துபோகும். பயோஸ் பக்கத்தில் வட்டின் பெயரே காணப்படாவிடின், மின்னைத் துண்டித்துப் பற்றறியைக் கழற்றியபின், வட்டை எடுத்து மறுபடி இறுகச் செருகிப் பாருங்கள். கடலோரத்து உப்புக்காற்றிலே இணைப்பு முனைகள் துருப்பிடித்தல் புதுமையன்று. பெயர் காணப்பட்டும் எழும்பாவிடின், லினக்ஸ் இட்ட பென் டிரைவால் கணனியைத் தொடக்கி, வட்டு தன் நலத்தைப் பற்றித் தானே எழுதிவைக்கும் "ஸ்மார்ட்" என்னும் குறிப்பைப் பாருங்கள். வாசிக்க முடியாத பகுதிகளின் எண்ணிக்கை அங்கே தெரியும். ஓசை கேட்டதானால் இவற்றுள் ஒன்றும் வேண்டாம், உடனே அணைத்துவிடுங்கள்.

இவற்றையெல்லாம் யாம் அறிந்தது பின்னர்தான். அன்றைக்குச் செய்தது, பெட்டியைச் சீலையிற் சுற்றிக்கொண்டு பட்டினத்திலுள்ள திருத்துமிடம் ஒன்றுக்குச் சென்றதே. அங்கிருந்தவர் பார்த்துவிட்டு, "பிரச்சினை இல்லை, எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுப் புதுசா விண்டோஸ் போட்டுத் தாறன், பின்னேரம் வாங்கோ" என்றார். கணனி எழும்பும் என்ற மகிழ்ச்சியிலே யாமும் சம்மதிக்கும் தறுவாயில் நின்றோம்.

எம்முடன் முல்லைத்தீவுக்கு வேறு அலுவலாக வந்திருந்த பெரியவர் ஒருவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வருடம் நாயாற்றுக் கடலிலே தொழில் செய்தவர்; கணனியைத் தொட்டும் அறியாதவர். அவர் கேட்டார்: "தம்பிமார், வள்ளம் தாழேக்கை முதல்ல வள்ளத்தை இழுக்கிறதோ, ஆக்களைத் தூக்கிறதோ? வள்ளம் பிறகு வாங்கலாம். உதுக்குள்ள இருக்கிற ஆக்கள் என்ன மாதிரி?"

சபையோரே, பல்கலைக்கழகத்திலே மூன்றாம் வருடம் படிக்கின்ற எமக்குத் தோன்றாத கேள்வி அது. கணனி எழும்புவது வேறு. உள்ளேயிருப்பது மீள்வது வேறு. புதிதாக எல்லாம் இட்டுத் தந்தால் வள்ளம் மிதக்கும். அதில் ஆட்கள் இருக்கமாட்டார்கள். பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

பின்னர் எமக்கு மூத்த மாணவர் ஒருவர் வழி சொன்னார். பழுதுபட்ட வட்டைக் கழற்றி, கம்பி வழியாக வேறொரு கணனியில் இணைத்து, அதனிலும் பெரிய நல்ல வட்டொன்றைப் பக்கத்தில் வைத்து, "டிடிரெஸ்கியூ" என்னும் இலவச மென்பொருளை ஓடவிட்டார். அது செய்யும் வேலை முறை கேட்கத் தக்கது. இலகுவில் வாசிக்கக்கூடிய இடங்களை முதலிற் பிரதி செய்துகொள்ளும். கெட்ட இடம் வந்தால் அங்கே நின்று மல்லுக்கட்டாமல் தாண்டிச் செல்லும். எங்கெங்கே தாண்டினோம் என்பதை ஒரு கோப்பிலே குறித்துக்கொள்ளும். நல்லதெல்லாம் கரைசேர்ந்த பின்னரே கெட்ட இடங்களுக்குத் திரும்பிச் சிறிது சிறிதாக முயலும். பழைய வட்டிலே ஓர் எழுத்தும் எழுதப்படுவதில்லை. வட்டைத் திருத்தும் கட்டளைகளைச் சாகுந் தறுவாயிலுள்ள வட்டின்மேல் ஏவுதல் ஆபத்தானது; திருத்தம் யாவும் பிரதியின்மேலே செய்யவேண்டும். வட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும், வீட்டு மேசையில் மூடியைத் திறந்து பார்ப்பதும் கூடவே கூடா. முன்னதால் ஈரம் படியும். பின்னதால் தூசி விழும்.

மூன்று இரவு அது ஓடியது. நாற்பத்தொரு பதிவுகளுள் முப்பத்தெட்டு முழுமையாகக் கிடைத்தன. இரண்டு இடையிடையே அறுந்து கிடைத்தன. ஒன்று கிடைக்கவேயில்லை.

அந்த ஒன்று யாருடையது? சிறுமியாயிருந்த காலத்திலே வைகாசிப் பொங்கலுக்கு இங்கிருந்து வற்றாப்பளை அம்மன் கோயிலுக்கு நடந்து சென்ற கதையைச் சொன்ன ஆச்சியுடையது. சிலாவத்தைக் கடலில் எடுத்த தீர்த்தத்தில் விளக்கெரியும் காட்சியைத் தாயின் தோளிலிருந்து பார்த்ததாக அவர் சொல்லியிருந்தார். அவ்வாண்டு ஆவணியிலே அவர் காலமாகிவிட்டார். இனி எவரிடம் சென்று கேட்பது? செய்தியை அவருடைய மகளிடம் சொல்லவேண்டிய கடமை எமக்கு இருந்தது. சென்று தலைகுனிந்து சொன்னோம்.

அவர் ஒன்றும் பேசாமல் தமது போனை எடுத்துவந்தார். அதில் ஆச்சியின் குரல் மூன்று நிமிடம் பேசியது. பதிவு செய்த அன்று மாலையே, எம்மில் ஒரு தம்பி, "அம்மா கதைச்சதைக் கேளுங்கோ" என்று ஒரு சிறு துண்டை அவருக்கு அனுப்பியிருந்தான். அனுப்பியதை அவனே மறந்துவிட்டான். யாம் பூட்டி வைத்திருந்த ஒரு மணி நேரம் போயிற்று. கொடுத்த மூன்று நிமிடம் நின்றது.

பெரியோர்களே, இது கணனி வந்தபின் பிறந்த உண்மையன்று. ஓலை நம் தட்பவெப்பத்திலே நெடுநாள் நிற்பதில்லை. செல் அரிக்கும், ஒடியும். ஆகவே நம் முன்னோர் ஏட்டைப் பார்த்து ஏடு எழுதினர். சிறுப்பிட்டியிற் பிறந்து வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையை அச்சிட முடிந்தது, யாரோ பெயர் தெரியாதவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிரதி செய்து வைத்திருந்தமையாலன்றோ? 1981 மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. பிறிதோரிடத்திற் பிரதி இருந்த நூலை மறுபடி தேடி வைக்கலாம். ஒரே பிரதியாயிருந்த ஏட்டுச்சுவடியை எங்கே தேடுவது? 2005இல் தொடங்கிய "நூலகம்" என்னும் மின்னூலக முயற்சி நம் நூல்களையும் பத்திரிகைகளையும் பிரதி செய்து எவரும் படிக்க வைத்துவருவது, ஏடு பெயர்த்தெழுதிய அப்பணியின் தொடர்ச்சியே.

புகைப்படக் கலைஞர் பீற்றர் குரோக் என்பவர் பரவச் செய்த இலகுவான விதி ஒன்று உண்டு: மூன்று பிரதி வேண்டும், அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும், ஒன்றேனும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். கடலும் இடப்பெயர்வும் கண்ட நமக்கு "வேறிடம்" என்பதன் பொருளை எவரும் விளக்கவேண்டியதில்லை. புதிய வகை வட்டுகளில் சுழலும் தட்டு இல்லை; ஆதலால் அவை "டிக்" என்று எச்சரிப்பதுமில்லை, ஒருநாள் சொல்லாமலே நின்றுவிடும். எனவே புதிதாக வாங்கிவிட்டோம் என்று இறுமாந்திருத்தலும் ஆகாது.

ஆகவே இச்சபையின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கின்றோம். ஒவ்வொரு போயா தினத்திலும் சங்க அங்கத்தவர் இருவர் கூடி அம்மாதத்துப் பதிவுகளைப் பிரதி செய்யட்டும். ஒன்று வாசிகசாலையில் இருக்கட்டும். ஒன்று வெளியூரிலுள்ள அங்கத்தவரிடம் செல்லட்டும். மூன்றாவது, பேசியவரின் வீட்டுக்கே அன்று மாலையே போகட்டும். காணி உறுதி, பிறப்புச் சான்று வைத்திருப்போர் அவற்றையும் பிரதி எடுத்துத் தத்தம் பிள்ளைகளுக்கு அனுப்பி வையுங்கள். பிரதி எடுத்தால் மட்டும் போதாது. ஆண்டுக்கொரு முறை திறந்து, பேசுகின்றதா என்று கேட்டும் பார்க்கவேண்டும்.

அந்தப் பழைய மடிக்கணனி இப்பொழுது வேறு வட்டுடன் எழும்பி ஓடுகின்றது; அழைப்பிதழ் அச்சிட உதவுகின்றது. வள்ளம் திரும்பிவிட்டது. ஆட்களை மீட்கச் சொன்ன பெரியவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அவருடைய கடற்கதையை யாம் இன்னும் பதிவு செய்யவில்லை. நாளைக் காலை அவர் வீட்டுக்கு வருகின்றோம். மாலையிலே பிரதி அவர் மகளின் கையில் இருக்கும்.