மூன்று பானை

நடுவர் அவர்களே! வீட்டு வழக்கில் நியாயம் தெரிந்தவர்கள் ஆண்கள்தான் என்று அடித்துச் சொன்னார் எதிரணி நண்பர். வாங்க, காங்கோ வரைக்கும் ஒரு நடை போய் வருவோம். டென்னட் என்கிற ஆங்கிலேய வணிகர் அங்கே கேட்டு, 1898-இல் அச்சில் தந்த கதை இது.

நென்பெட்ரோ ஒரு வேட்டைக்காரன். மனைவிகள் மூணு பேர். (சிரிப்பு) பொறுங்க, அவன் பாடு இனிமேல்தான் இருக்கு! வேட்டைக்குப் போனவன் காட்டிலேயே செத்துப்போனான். ஒருத்தி அதைக் கனவில் கண்டாள். இன்னொருத்தி வழி காட்டினாள். மூன்றாமவள் மூலிகை தேடி உயிரை மீட்டாள். எழுந்தவன் முதலில் யார் வீட்டுக்குள் நுழைவது? சண்டை! ஆளுக்கொரு பானை சமைப்பது, எதை முதலில் சாப்பிடுகிறானோ அவள் வீடு என்று முடிவாயிற்று. உயிர் தந்தவள் பானையில் கைவைத்தான் மனுஷன்.

நம்ம வேதாளம் கதையில், உயிர் கொடுத்தவன் தகப்பன் முறை என்று ஒதுக்கிவிட்டு, சாம்பலோடு கிடந்தவனுக்கே பெண்ணைத் தந்தான் விக்கிரமாதித்தன். அங்கேயோ உயிர் கொடுத்தவளுக்கே முதல் மரியாதை. ஊரில் பெரும்பாலோர் சரி என்றார்கள்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை ஐயா! மூன்றையும் ஒரே பானையில் கொட்டிக் கலந்து சாப்பிட்டிருக்க வேண்டியதுதானே என்றார்கள். (கைதட்டல்) அவள் கனவு காணாவிட்டால் தேடப் போயிருப்பார்களா? இவள் வழி காட்டாவிட்டால் மூலிகைக்காரி போய்ச் சேர்ந்திருப்பாளா? தொடாத இரண்டு பானைகளை எடுத்துக்கொண்டு அந்த இரண்டு பேரும் எந்த முகத்தோடு வீட்டுக்குத் திரும்புவார்கள்? இது அந்த ஆம்பளைக்குத் தோணலையே, எதிரணி நண்பரே, உங்களுக்காவது தோணிச்சா?