முப்பத்திரண்டாம் நாள்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

பொதுத்தொண்டு என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். அவ்வளவு பெரிய பொருளைச் சுமக்க எனக்கு வலுவில்லை. ஆகையால் அதனுள் அடங்கிய ஒரு சிறு கருமத்தை மாத்திரம் எடுத்துக்கொள்கிறேன். சயிக்கிளிற் சென்று வீதி விபத்தில் இறந்துபடுவோரின் குடும்பங்களுக்கென நமது சங்கம் ஒரு தரும நிதியை ஆரம்பிக்க வேண்டும் என்பதே நான் இச்சபை முன் வைக்கும் பிரேரணை.

வீதியிற் சாவோர் பலரிருக்கச் சயிக்கிள்காரருக்கு மாத்திரம் ஏன் தனி நிதி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காரும் மோட்டார் சயிக்கிளும் வைத்திருப்பவர் சட்டப்படி காப்புறுதி எடுத்தே தீரவேண்டும். 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந்தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. துவிச்சக்கர வண்டிக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதில் ஏறிப் போகிறவர் யார்? விடியுமுன் மரக்கறி மூட்டையைக் கட்டிக்கொண்டு திருநெல்வேலிச் சந்தைக்கோ சுன்னாகம் சந்தைக்கோ போகிற தோட்டக்காரர். மீன்பெட்டி கட்டிய வியாபாரி. சாந்தகப்பையைக் கொழுவிக்கொண்டு போகும் மேசன். ரியூசனுக்குப் போகும் பிள்ளை. 1990களில் எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணம் முழுவதையும் சுமந்தது சயிக்கிள்தான். 2022இல் பெற்றோலுக்கு வரிசை நின்றபோதும், பின்வளவிற் கறள் பிடித்துக் கிடந்ததைத்தான் எல்லோரும் தட்டி எடுத்தோம். கஷ்டம் தீர்ந்ததும் நாம் அதை விட்டு இறங்கினோம். இறங்க வசதியில்லாதவர்கள் இன்னமும் அதன்மேல் இருக்கிறார்கள். அவர்களுடைய குடும்பங்களைப் பற்றியே பேசுகிறேன்.

நமது ஊரிலே செத்தவீட்டுக்கு ஆளில்லாமற் போனதில்லை. பந்தல் போட ஒருவர், பறை சொல்ல ஒருவர், சமையலுக்கு அயலவர் என்று எல்லாம் தாமாகவே நடக்கும். மரண சகாய சங்கம் அடக்கச் செலவைப் பார்க்கும். எட்டுச் செலவு வரை இனசனம் வீட்டிலிருக்கும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, சாப்பிட்ட பந்தியும் எழும்பிவிட்டால், படலை சாத்தப்படுகிறது. முப்பத்திரண்டாம் நாள் காலையில் அந்தப் பெண் பிள்ளைகளுக்கு என்ன சமைப்பாள்? சுகவீனமாய்ப் பல மாதம் கிடந்து இறந்தவருடைய வீட்டார் ஓரளவுக்கு மனத்தையும் கையையும் ஆயத்தப்படுத்தியிருப்பார்கள். காலையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டுச் சயிக்கிளை உருட்டிக்கொண்டு போனவர் வீட்டில் எந்த ஆயத்தமும் இராது. கொடுத்த கடன் யாரிடம், வாங்கிய கடன் எவ்வளவு என்பதுகூட அவருடைய தலைக்குள்ளேயே இருந்திருக்கும். ஆகவே நாம் தொடங்கும் நிதி அடக்கச் செலவுக்கு உரியதன்று. அதன் வேலை முப்பத்திரண்டாம் நாளில் ஆரம்பிக்க வேண்டும்.

நான் படித்தது மிசன் பள்ளிக்கூடத்தில். அங்கே நல்ல சமாரியன் கதையைப் பலமுறை கேட்டிருக்கிறேன். வழியிலே அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தைக் கட்டினான், சத்திரத்திற் சேர்த்தான் என்பதையே எல்லோரும் புகழ்வார்கள். எனக்கோ அவன் சத்திரக்காரனிடம், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனதுதான் பெரிதாகத் தோன்றும். முதற் பணம் இரக்கத்தால் வருவது. இரண்டாம் பணத்துக்குக் கணக்குப் புத்தகம் வேண்டும்.

பிறநாட்டாரும் இக்கருமத்தைச் செய்திருக்கிறார்கள். 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் வீதிச் சயிக்கிளோட்டத்தில் தங்கப் பதக்கம் பெற்ற இத்தாலிய வீரர் ஃபாபியோ கசார்த்தெல்லி, 1995 யூலை 18ஆந் திகதி பிரான்சுச் சுற்றோட்டத்தில் ஒரு மலைச்சரிவில் இறங்கும்போது விழுந்து இறந்தார். வயது இருபத்துநாலு. மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். மறுநாள் வீரர்கள் போட்டி போடாமல் ஒன்றாகவே மெதுவாக ஓட்டி வந்தார்கள்; அன்றைய பரிசுப் பணம் அக்குடும்பத்துக்குப் போயிற்று. பின்னர் அவர் பெயரால் ஒரு தரும தாபனமும் உண்டாயிற்று. பத்து வருடம் கழித்து, 2005இல் அதே யூலை 18ஆந் திகதி, அவுஸ்திரேலிய வீராங்கனை ஏமி கில்லெற் ஜேர்மனியில் தம் கோஷ்டியாருடன் பயிற்சி செய்துகொண்டிருக்கும்போது ஒரு கார் மோதி இறந்தார். உடன் சென்ற ஐவர் கடுங்காயமடைந்தனர். அவர் பெயராலும் ஒரு தாபனம் எழுந்து, சயிக்கிள்காரரை முந்தும் வாகனம் ஒரு மீற்றர் இடைவெளி விடவேண்டுமென்று நாடெங்கும் இயக்கம் நடத்திற்று.

இவை போற்றத்தக்கன. ஆனால் இவர்கள் பேர் பெற்றவர்கள். உலகம் பார்த்துக்கொண்டிருக்கையில் விழுந்தவர்கள். காங்கேசன்துறை வீதியிலே அதிகாலை நாலு மணிக்கு லொறி தட்டி விழுகிற கத்தரிக்காய்க்காரருக்காக எந்த ஓட்டப்பந்தயமும் மெதுவாகப் போவதில்லை. இங்கிலாந்திலே தன் மகனை வீதியிற் பறிகொடுத்த ஒரு தாய் 1992இல் ஆரம்பித்த றோட்பீஸ் என்னும் சங்கமே நமக்கு நெருங்கிய முன்மாதிரி. அது பேரற்றவர்களின் வீட்டாருக்கு உற்ற துணையாய் நின்றது. அச்சங்கம் 1993இல் தொடங்கிய நினைவு நாளையே 2005இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்டது. வருடந்தோறும் நவம்பர் மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை அது அனுட்டிக்கப்படுகிறது.

இனிப் பணத்துக்கு வருகிறேன். இங்கேதான் தருமங்கள் முறிவது வழக்கம். 1744இல் ஸ்கொத்லாந்திலே இரண்டு பாதிரிமார், வொலஸ் என்பவரும் வெப்ஸ்ரர் என்பவரும், இறந்த பாதிரிமாரின் விதவைகளுக்கென ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். உருக்கமான பிரசங்கத்தோடு அவர்கள் நின்றுவிடவில்லை. வருடத்துக்கு எத்தனை பாதிரிமார் இறப்பர், எத்தனை விதவைகள் எத்தனை வருடம் சீவிப்பர் என்று கணக்கெடுத்து, எடின்பரோவிற் கணிதப் பேராசிரியராயிருந்த மக்லோறினிடம் காட்டிச் சரிபார்த்தார்கள். 1765இல் நிதியில் இருக்குமென்று அவர்கள் கணித்த தொகைக்கும் உண்மையில் இருந்ததற்கும் ஒரு பவுண்தான் வித்தியாசமென்று சொல்வார்கள். இரக்கத்துக்குக் கணிதம் பகையன்று என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. (கணிதத்தில் எனக்குக் கிடைத்த புள்ளிகளை அறிந்த நண்பர்கள் பின்வரிசையிற் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.)

நமது கணக்கு இது. நூற்றைம்பது பேர் மாதம் இருநூறு ரூபா வீதம் கொடுத்தால் மாதத்தில் 30,000 ரூபா. வருடத்தில் 3,60,000 ரூபா. ஒரு வீட்டுக்கு உடனடியாக 50,000 ரூபாவும், பிறகு பன்னிரண்டு மாதத்துக்கு மாதம் 10,000 ரூபாவும் கொடுப்பதானால் மொத்தம் 1,70,000 ரூபா. ஆக வருடத்தில் இரண்டு வீட்டைத் தாங்கலாம்; கையில் மிஞ்சுவது 20,000 ரூபா. மூன்றாவது வீட்டார் வந்தால் என்ன செய்வோம்? இல்லையென்று சொல்லவும் முடியாது. முந்திய இரு வீட்டாரின் படியைக் குறைக்கவும் கூடாது. மாதப்படியை நம்பி அந்தப் பெண் பிள்ளையின் படிப்பை ஒழுங்குபண்ணியிருப்பாள். நடுவில் நிறுத்துவது கொடுக்காமல் விடுவதிலும் கொடியது. ஆகையால் முதல் வருடத்தில் உடனடி உதவி மாத்திரம் கொடுத்து மீதியைச் சேமிப்போம். ஒரு வீட்டுக்குரிய பன்னிரண்டு மாதப் பணமும் வங்கியில் முழுதாய் ஒதுக்கி வைக்கப்பட்ட பின்பே மாதப்படியை ஆரம்பிப்போம். இளைஞர் சிலர் சயிக்கிளோட்டப் போட்டி வைத்துப் பணம் திரட்டலாம் என்கிறார்கள். வைக்கட்டும், ஆனால் கோப்பைக்கும் ஒலிபெருக்கிக்கும் போக எவ்வளவு மிஞ்சுமென்பதை முதலில் எழுதித் தரட்டும். பிடியரிசி சேர்த்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் இது. சிறுகச் சேர்ப்பது நமக்குப் புதிதன்று.

பணத்திலும் பெரிய உதவி ஒன்றுண்டு. மோதிய வாகனத்துக்குக் காப்புறுதி இருந்தாலும், நட்டஈடு தானாகப் படலைக்கு வராது. பொலிசு முறைப்பாட்டின் பிரதி, திடீர் மரண விசாரணை அதிகாரியின் அறிக்கை, வாகன இலக்கம், காப்புறுதிக் கம்பனியின் பெயர் எல்லாம் வேண்டும். நட்டஈட்டு வழக்கை இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்யவேண்டும் என்பது சட்டம். துக்கத்திலிருக்கும் வீட்டுக்கு இரண்டு வருடம் என்பது கண்மூடித் திறக்கும் நேரம். தொழில் கொள்வோரிடம் வேலை செய்தவரானால், வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்துக்குள் அடக்கி 2022இல் ஒரு திருத்தம் செய்யப்பட்டிருக்கிறது. இதை அறிந்த மேசன்மார் எத்தனை பேர்? நமது சங்கத்திற் பல்கலைக்கழக மாணவர் இருக்கிறோம். இரண்டொரு சட்டத்தரணிகளும் இருக்கிறார்கள். ஒரு பைலைத் தூக்கிக்கொண்டு பொலிசு நிலையத்துக்கும் கச்சேரிக்கும் நடப்பதற்கு மாதச் சந்தா தேவையில்லை.

பெரியோர்கள் சிலர் என்னிடம் தனியே சொன்ன ஆட்சேபங்களுக்கு, அவர்கள் மனம் நோகாவண்ணம் விடை கூற விரும்புகிறேன்.

குடித்துவிட்டுச் சயிக்கிள் ஓடி விழுந்தவனுக்கும் கொடுப்பதா என்பது ஒன்று. ஐயா, நாம் கொடுப்பது அவனுக்கல்ல. அவனுக்கு இனி யாரும் ஒன்றும் கொடுக்கவோ எடுக்கவோ முடியாது. ஐந்து வயதுப் பிள்ளை குடிக்கவில்லை. யார் பிழை என்று தீர்ப்பது நீதிமன்றின் வேலை. நாமும் அதைத் தொடங்கினால் படி கொடுப்பதற்குப் பதிலாக ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருப்போம்.

சைவ இளைஞர் சங்கத்தின் பணம் சைவர்க்கே போகவேண்டாமா என்பது மற்றொன்று. என் கருத்தை ஒளிக்காமற் சொல்கிறேன். வீதியிலே லொறி வரும்போது எவரும் நெற்றியைப் பார்ப்பதில்லை. நம் ஊர் எல்லைக்குள் வாழ்ந்த எவருடைய வீடாயினும், எந்தக் குறிச்சியாயினும், எந்தச் சமயமாயினும் ஒரே தொகை. இதில் வேறுபாடு வைப்பதானால் இந்தப் பிரேரணையை நான் மீளப் பெற்றுக்கொள்ளவும் ஆயத்தம்.

மூன்றாவது ஆட்சேபமன்று; ஓர் ஆலோசனை. ஆண்டு விழா மேடையிலே அப்பெண்களை அழைத்துத் தலைவர் கையாற் பணம் கொடுத்தால் நன்கொடையாளர் பெருகுவர் என்று கூறினார்கள். பெருகுவர்தான். ஆனால் புருஷனை இழந்து மூன்று மாதமான ஒருத்தியை ஒலிபெருக்கி முன் நிறுத்திப் படம் எடுப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பணம் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே போகட்டும். மைத்துனர் கைக்கும் வேண்டாம், மாமனார் கைக்கும் வேண்டாம். ஆண்டு மலரிற் கணக்கு அச்சாகட்டும். பெயர் அச்சாக வேண்டாம்.

நிதி சங்கத்தின் பொதுக் கணக்கோடு கலக்காமல், 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்துக்கு அமையத் தனித் தரும நிதியாக இருக்கவேண்டும். ஐவர் பொறுப்பாளர், அவருள் இருவர் பெண்கள். பெண்கள் இருந்தாற்றான் வீட்டுக்குள்ளே போய் உண்மையில் என்ன தேவையென்று கேட்டு வரமுடியும்.

பிரேரணையை எழுதிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். தனாதிகாரியின் மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. முதலாம் பக்கத்தில் எட்டுப் பெயர்கள் இருக்கின்றன. கூட்டம் கலையுமுன் அப்பக்கம் நிரம்புமானால், அடுத்த மாதக் கூட்டத்தில் பொறுப்பாளர் ஐவரையும் தெரிவுசெய்யலாம்.