இமையும் இளந்தளிரும்



பத்தாம் ஆண்டு விழாவில் தேநீரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சின்ன காஞ்சிபுரத்தில் இது பொருந்தாப் பேச்சு அன்று. தியானத்தில் உறக்கம் குறுக்கிட்டதால் போதிதருமர் தம் இமைகளை அரிந்தெறிந்தார் என்றும், அவை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்தது என்றும் ஜப்பானில் ஒரு கதை வழங்குகிறது. அந்தப் போதிதருமரைக் காஞ்சியின் பல்லவ இளவரசர் என்று நாம் உரிமை கொண்டாடுகிறோம்.

வரலாறு அத்தனை தாராளமானதன்று. 547-ஐ ஒட்டி எழுதப்பட்ட சீன நூல் ஒன்று அவரைப் பாரசீகர் என்கிறது. மற்றொரு பழங்குறிப்பு, தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறது. அதில் காஞ்சியின் பெயர் இல்லை. சீனரோ அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தேயிலையை அறிந்திருந்தனர். எனவே, தேயிலையைத் தந்த ஊர் எமது என்று மார்தட்ட நமக்கு ஆதாரம் இல்லை. கதையைக் கவிதையாக வாசித்தால் அதன் பொருள் குறைவதுமில்லை. விழித்திருக்க விரும்பிய துறவியர்க்குத் துணைநின்ற இலை அது. சீனத்திலிருந்து 1191-இல் தாயகம் திரும்பிய ஜென் துறவி எய்சாய், தேயிலை விதைகளைக் கொணர்ந்தார் என்பது ஜப்பானிய மரபு. 1211-இல் தேநீரின் நலன்களைப் பற்றி நூலும் எழுதினார்.

நம் நீலகிரியில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கிறார்கள். ஜப்பானில் செடி குளிர்காலம் முழுதும் உறங்குகிறது. வேர் சேர்த்துவைத்த சத்தெல்லாம் வசந்தத்தின் முதல் தளிரில் ஏறுகிறது. அதுவே 'ஷிஞ்சா', புதுத்தேயிலை. பிப்ரவரித் தொடக்கத்தில் வரும் வசந்தப் பிறப்பிலிருந்து எண்பத்தெட்டாம் நாள், அதாவது மே 2-ஐ ஒட்டிய நாள், அதைப் பறிக்க உகந்தது என்பர். பறித்த இலையை உடனே ஆவியில் அவிப்பதால் பசுமை மாறுவதில்லை. உருட்டி உலர்த்தும் முறையை 1738-இல் நகாதானி சோயென் செம்மைப்படுத்தினார்.

இத்தளிரில் இனிமை தருவது தியானின். துவர்ப்பைத் தருவது கேட்டச்சின். கொதிநீர் துவர்ப்பையும் கசப்பையும் மிகுதியாக இழுத்துவிடும். ஆகவே நீரைக் கொதிக்கவைத்து, ஒரு கலத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி ஆற்ற வேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஏறத்தாழப் பத்துப் பாகை தணியும். எழுபது பாகையளவு வந்ததும் ஐந்து கிராம் இலைக்கு இருநூறு மில்லி நீர் ஊற்றி, ஒரு நிமிடம் காத்திருந்தால் போதும். குவளைகளில் சிறிது சிறிதாக மாறி மாறி வார்த்தால் எல்லோர்க்கும் ஒரே சுவை கிட்டும். கடைசிச் சொட்டையும் வடித்துவிட வேண்டும். எஞ்சிய நீர் அடுத்த வார்ப்பைக் கசப்பாக்கும். இரண்டாம் வார்ப்புக்குச் சூடு சற்றுக் கூடலாம், நேரம் குறைய வேண்டும். பாலும் சர்க்கரையும் வேண்டா.

நெசவுத் தெருவின் தேநீர்க் கடையில் உழைத்தவன் அருந்தும் பாலேறிய கடுந்தேநீரை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது களைப்புக்கு மருந்து. ஷிஞ்சாவோ அந்த ஒரு நிமிடம் நம் முழுக் கவனத்தையும் கேட்கிறது. இமையை அரிந்தவரின் கதை சொல்லும் விழிப்பு அதுதான்.

கவிஞர்களே, உணர்ச்சி கொதிக்கும்போதே சொல்லில் ஊற்றினால் கவிதையும் கசக்கும். ஆறவிட்டுக்கொண்டே இருந்தாலோ மணம் போய்விடும். புதுத்தேயிலையின் மணம் சில திங்களே நிற்கும். எப்போது ஊற்றுவது என்று அறியும் விழிப்பை இந்த வட்டம் பத்தாண்டுகளாகப் பயின்று வருகிறது. காஞ்சி உரிமை கொண்டாட வேண்டுமாயின் அவ்விழிப்பை உரிமை கொள்ளட்டும். அதற்குச் சான்று நம் எழுத்தே தர வேண்டும்.