கரி அணைந்த நாள்

1882-ம் வருஷம். லண்டன் ஹோல்பர்ன் வயடக்ட் பகுதியில் எடிசனின் கம்பெனி ஒரு மின் நிலையம் ஆரம்பித்தது. நிலக்கரியை எரித்துப் பொதுமக்களுக்கு மின்சாரம் கொடுத்ததில் உலகத்துக்கே அதுதான் முதல். தெருவிளக்கு எரிந்தது; பக்கத்துக் கட்டடங்களும் பிரகாசமாயின.

அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் பிரிட்டனில் கரி வைத்ததுதான் சட்டம். 1990-களில் வட கடல் எரிவாயு உள்ளே வந்தது. அப்படியும் 2012-ல் கிட்டத்தட்ட நாற்பது சதவீத மின்சாரம் கரியிலிருந்துதான். அதற்குப் பிறகுதான் வேகம். கரிப்புகைக்கு அரசாங்கம் வரி போட்டது, கடலுக்குள் காற்றாலைகள் வரிசையாக முளைத்தன. காசு கணக்கு மாறினால் எல்லாம் மாறும், இல்லையா?

2017 ஏப்ரல் 21. நாடு முழுக்க ஒரு நாள் பூராவும் கரி மின்சாரம் இல்லாமலே ஓடியது. பல வீடுகளில் டீக்குக் கெட்டில் வழக்கம்போலக் கொதித்திருக்கும், யாருக்கும் வித்தியாசமே தெரிந்திருக்காது!

கடைசியாக மிஞ்சியது நாட்டிங்ஹாம் பக்கத்து ராட்கிளிஃப் கரி மின் நிலையம். எட்டு ராட்சதக் குளிர்விப்புக் கோபுரங்கள். 2024 செப்டம்பர் 30 அன்று அதையும் நிறுத்தினார்கள். பிரிட்டனில் 142 வருஷம் எரிந்த கரி அடுப்பு அணைந்தது. ஆனால் காற்று ஓய்ந்த ராத்திரிகளில் அந்த நாட்டுக்கு இன்னும் எரிவாயுதான் கை கொடுக்கிறது.