வேகமும் அடக்கமும்

1938 ஜனவரி 28 அன்று, ஜெர்மனியின் பிராங்க்பர்ட் - டார்ம்ஸ்டாட் நெடுஞ்சாலையில் ருடால்ப் கரச்சியோலா மணிக்கு 432 கிலோமீட்டர் வேகத்தில் காரோட்டிச் சாதனை படைத்தார். அதனை அன்றே முறியடிக்க முனைந்த பெர்ன்ட் ரோஸ்மேயர், வண்டி நிலைகுலைந்து 28 வயதில் உயிரிழந்தார்.

அன்று அது சாதனைக்கென ஒதுக்கப்பட்ட சாலை. இன்றோ அந்நாட்டு நெடுஞ்சாலைகள் அனைவருக்கும் பொதுவானவை. அவற்றின் பல பகுதிகளில் வேக வரம்பு இல்லை. 130 கிலோமீட்டர் என்பது அறிவுரை மட்டுமே. ஸ்போர்ட்ஸ் காரின் விசை காலடியில் இருக்கையில், அவ்வறிவுரையை மீறும் ஆசை எளிதில் எழும். ஆனால் 130, 260 ஆனால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். முன்னே மெல்லச் செல்லும் வண்டியில் ஒரு குடும்பம் இருக்கலாம். சட்டம் தடுக்காத இடத்தில் அவர்களைக் காப்பது, ஓட்டுபவரின் மனவடக்கமே.