இரக்கமன்று, உரிமை



பள்ளிக் கதவு அடைபட்ட வலியை நாம் அறிவோம். நியூயார்க்கில், இளம்பிள்ளை வாதத்தால் நடக்க இயலாத சிறுமி ஜூடித் ஹியூமனைப் பள்ளியொன்று சேர்க்க மறுத்தது. தீ விபத்து நேர்ந்தால் அவருடைய சக்கர நாற்காலி இடையூறாகுமாம்! வளர்ந்து ஆசிரியப் பணி நாடியபோதும் உரிமம் மறுக்கப்பட்டது. 1970இல் வழக்காடி வென்றார். அவ்வாண்டே தோழர்களுடன் மாற்றுத்திறனாளிகளின் உரிமை இயக்கமொன்றைத் தொடங்கினார்.

அரசுப் பணம் பெறும் நிறுவனங்கள் அவர்களை ஒதுக்கலாகாது என 1973இல் சட்டம் பிறந்தது. அதன் விதிகளில் கையொப்பமிடாது அரசு காலங்கடத்தியது. 1977 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோ அரசுக் கட்டடத்தில் மூன்று வாரங்களுக்கு மேல் அமர்ந்து அவர்கள் போராடினர். கறுப்புச் சிறுத்தைகள் உணவளித்துத் துணைநின்றனர். விதிகள் கையொப்பமாயின.

நம் சங்கப் படிக்கட்டருகே சாய்தளம் அமைப்போம். அதன்வழி வருவோர் தலைமை இருக்கையிலும் அமரட்டும்.